மூணாந் துண்டு முதல்ல

மஹையாவ,
கண்டி.
02.06.2024

நிஷாந்தி அப்பாவுக்கு,

முதல்ல ஒரு வெக்கக்கேட்டச் சொல்லிடுறேன். ஒரு கல்யாணப் பொண்ணோட பிளவுஸுக்கு ரெண்டு கையும் இடது கையா வச்சுத் தச்சுட்டேன். அந்தப் பிள்ள போட்டுப் பார்த்துட்டு, "அன்ட்டி, எனக்கு வலது கையும் இருக்கு"ன்னு சொல்லுது. முதலாளியம்மா ஆஸிகா தலையில கைய வச்சிக்கிட்டு உக்காந்துட்டாங்க. இத்தன வருசமா மிஷின் மிதிக்கிறவ செய்யிற வேலையா இது?

காரணத்தக் கேட்டா நீங்க சிரிப்பீங்க. ஒரு கதைப் புத்தகம். சிரிங்க, நீங்க சிரிச்சும் ரொம்ப நாளாச்சு.

அளவு வெட்டுறதுக்குக் கடையில பழைய பேப்பர் வாங்குவோம்ல, அந்தக் குவியலுக்குள்ள கெடந்துச்சு. அட்டை இல்ல. கதையோட பேரும் தெரியாது, எழுதினவங்க பேரும் தெரியாது. காதல் கதைதான், ஆனா நடுவுல ஒரு கொலையும் இருக்கு. யாரு முதல்ல படிக்கிறதுன்னு மூணு பேருக்கும் சண்ட. ஆஸிகா பெரிய கத்தரிய எடுத்துப் புத்தகத்தோட முதுக அறுத்து, மூணு துண்டாக்கி, மிஷினுக்கு ஒண்ணா வச்சுட்டாங்க. முடிச்சிட்டு மாத்திக்கணும்னு பேச்சு.

அன்னலட்சுமி அக்காவுக்கு முதல் துண்டு. அதுல கிரிதரன்னு ஒரு டொக்டர், மஞ்சரிங்கிற பொண்ணக் கல்யாணம் கட்டி மலைப் பங்களாவுக்குக் கூட்டிட்டு வாரான். குளிருக்கு ஷோல் வாங்கிக் குடுக்குறான், காய்ச்சல்னா பக்கத்துலயே உக்காந்திருக்கான். அக்கா பெருமூச்சு விடுறாங்க, "அந்த மாதிரி ஆள் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும் ஜெயா"ன்னு. அவங்க வீட்டு ஐயா கந்தோர்ல கிளாக்கா இருந்தவர். ஷோலா? குடை கூட வாங்கிக் குடுத்ததில்லையாம்.

ஆஸிகாவுக்கு நடுத் துண்டு. அதுல அதே டொக்டர் அடிக்கடி எங்கயோ போறான், கால்ல போட்ட சப்பாத்து நெறையச் சேத்தோட வாரான். கேட்டா நோயாளியப் பார்க்கப் போனேங்கிறான். ஒரு அறையப் பூட்டியே வச்சிருக்கான். ஊருக்குள்ள ஒரு பொண்ணு செத்துக் கெடக்குது. ஆஸிகா சோத்துப் பார்சலப் பிரிக்காமலே சொல்றாங்க, "படச்சவனே, இவன்தான் கொன்னீக்கான்!"

எனக்கு மூணாந் துண்டு. எடுத்த எடுப்புலயே மஞ்சரி கதவுத் தாழ்ப்பாளப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா. வெளிய மழையில டொக்டர் நின்னு கூப்பிடுறான். இவ திறக்கவா வேணாமான்னு அஞ்சு பக்கத்துக்கு யோசிக்கிறா. முன்னால நடந்தது எனக்குத் தெரியாதே. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கு அஞ்சு பக்கம்னா எவ்வளவு நேரம்! "திறந்து விடுடி, மனுசன் நனையிறான்ல"ன்னு சத்தமாவே சொல்லிட்டேன். அந்தக் கோபத்துலதான் அந்தக் கையத் தச்சது.

நீங்க கேட்டிருந்தீங்க, பெரஹரா திருவிழா முடிஞ்ச கையோட ஜெயில்லேர்ந்து விடுவாங்க, வீட்டுக்கு வரவா, இல்ல தெல்தெனியாவுல உங்க அக்கா வீட்டுக்குப் போகவான்னு. வாசிச்சேன். அதுக்கு ஒண்ணும் யோசிக்கல. யோசிக்கவும் களைப்பா இருக்கு. கதைய முடிச்சிட்டு எழுதுறேன்.

ஜெயராணி


16.06.2024

ஜெயராணிக்கு,

நான் இருக்கேன். முதுகு வலி கொஞ்சம் கொறைஞ்சிருக்கு.

உன் கடிதம் பிந்தித்தான் கெடைச்சது. இங்க கடிதத்தப் படிச்சுப் பார்த்துக் குடுக்கிறதுக்குத் தமிழ் தெரிஞ்ச ஐயா ஒருத்தர் இருக்கார். கையில குடுக்கிறப்ப, "உன் சம்சாரத்த அடுத்தது சீக்கிரமா எழுதச் சொல்லு. அந்தப் பொண்ணு கதவத் திறந்தாளா இல்லயா?"ன்னு கேட்டார். திறக்கணும்ங்கிறது அவரோட கட்சி.

அறையில இருக்கிறவங்களுக்கும் வாசிச்சுக் காட்டினேன். ரெண்டு இடது கைக்கு நல்லாச் சிரிச்சாங்க. கதவு விசயத்துல எல்லாரும் திற, திறங்கிறாங்க. உள்ளுக்கு இருக்கிறவன் வேற என்ன சொல்லுவான்?

நான் மட்டும் திறக்க வேணாம்னு சொன்னேன். வீட்டுல இருக்கிறவகிட்ட எங்க போறேன்னு பொய் சொன்னவன் அவன். நோயாளியப் பார்க்கப் போறேன்னு சொன்னா என்ன, ஹேவாஹெட்டைக்கு லொறியில லீக்ஸ் ஏத்தப் போறேன்னு நான் சொன்னா என்ன. மழைதானே. நனையட்டும்.

கறுப்பையா


மஹையாவ,
கண்டி.
30.06.2024

நிஷாந்தி அப்பாவுக்கு,

எங்க வீட்டு ஆளுக்கும் ஒரு கட்சி இருக்குன்னு கடையில வாசிச்சுக் காட்டினேன். ஆஸிகா உங்களப் பாராட்டச் சொன்னாங்க. அன்னலட்சுமி அக்கா உங்களோட கோபம்.

துண்டெல்லாம் கை மாறியாச்சு. ஆனா பாருங்க, ஒருத்தர் மனசும் மாறல. அக்கா இப்ப நடுத் துண்டு படிக்கிறாங்க. சேத்துச் சப்பாத்துக்கும் சமாதானம் வச்சிருக்காங்க: "டொக்டர்னா நாலு எடம் போகத்தானே வேணும், தோட்டத்துல தார் ரோட்டா போட்டு வச்சிருக்கு?" ஆஸிகா முதல் துண்டு படிக்கிறாங்க. கிரிதரன் ஷோல் போத்தி விடுற எடம் வந்ததும் அளவு நாடாவ எடுத்து என் கழுத்துல சுத்திக் காட்டுறாங்க: "பாத்தியா, நெரிக்க அளவெடுக்கிறான்!" நான் சிரிச்ச சிரிப்புல ஊசி முறிஞ்சுச்சு.

அக்காவுக்கு முன்னால நடுத் துண்டு என் கைக்குத்தான் வந்துச்சு, கொஞ்சந்தான் படிச்சேன். மூடி அக்காகிட்டக் குடுத்துட்டேன். அவன் கிளம்புறான், அவ பிளாஸ்க்குல தேத்தண்ணி ஊத்திக் குடுக்குறா. நானும் ஊத்திக் குடுத்தவதானே.

லீக்ஸ் மூட்டைக்கு அடியில கள்ள மரம் இருந்துச்சுன்னு லொறியப் புடிச்ச அன்னைக்கு, தெருச் சனம் பூரா பார்க்க, மாரியம்மன் வாசல்ல கற்பூரத்த உள்ளங்கையால அணைச்சேன். என் புருசன் மரக்கறியத் தவிர வேற ஏத்தினவர் இல்லன்னு. அதுக்கடுத்த கிழமை நீங்களே கோர்ட்டுல, ஆமா ஐயா, ரொம்ப நாளா ஏத்துறேன்னு ஒத்துக்கிட்டீங்க. கையில பட்ட சூடு ஆறிடுச்சு. குழாயடியில மட்டும் எனக்கு இன்னும் கற்பூரக்காங்கிற பேரு. யாராவது கூப்பிட்டா நானும் திரும்பிப் பார்த்துத் தொலைக்கிறேன்.

நான் வந்து பார்க்காதது பஸ் தூரத்துனால இல்ல. இதையும் எழுதிடணும்னு இருந்துச்சு.

மூணாந் துண்ட முதல்ல படிச்சப்ப நிம்மதியா இருந்தேன். ஒண்ணும் தெரியாதவளா, ஆள் நனையிறானேன்னு மட்டும் பட்டுச்சு. உங்களத்தான் முதல் பக்கத்துலேர்ந்து தெரியும். அதுதான் கஷ்டம்.

கண்ணு சொருகுது. மீதி பொறகு.

ஜெயராணி


14.07.2024

ஜெயராணிக்கு,

ஐயா இந்தத் தடவ கடிதத்தக் குடுத்துட்டுத் தோள்ல தட்டிட்டுப் போயிட்டார்.

நான் தெல்தெனியாவுக்கே போறேன். அக்காவுக்கு எழுதிட்டேன். மாட்டுக் கொட்டில் பக்கத்துல ஒரு அறை இருக்காம், போதும். நீ யோசிச்சுக் களைக்க வேணாம்.

பேரு வாங்கிக் குடுத்தவன் நான். குழாயடிக்குப் போறவ நீ.

கதை முடிவ மட்டும் எழுது. அறையில உசிர எடுக்கிறாங்க.

கறுப்பையா


மஹையாவ,
கண்டி.
28.07.2024

நிஷாந்தி அப்பாவுக்கு, கூடவே கடிதம் படிக்கிற ஐயாவுக்கும்,

மஞ்சரி கதவத் திறந்துட்டா.

திறந்த பொறகுதான் தெரியுது, டொக்டர் ஒரு குத்தமும் செய்யலயாம். கொன்னது அவனோட தம்பியாம். தம்பிக்குப் புத்தி சரியில்லயாம், அவனத்தான் பூட்டி வச்சுப் பார்த்திருக்கானாம். அழுறாங்க, கட்டிப் புடிக்கிறாங்க, மழை விட்டுருது.

அன்னலட்சுமி அக்கா கடை பூராவுக்கும் கேக் வாங்கிக் குடுத்தாங்க. ஆஸிகா கேக்கத் தின்னுட்டு, "எழுதினவங்க ஏமாத்தீக்காங்க, கடைசி வரைக்கும் அவன்தான் கொன்னவன்"னு இன்னும் நிக்கிறாங்க.

எனக்கு ரெண்டு கட்சியும் இல்ல. எனக்குக் கோபம் வந்துச்சு. குத்தமே செய்யாதவனுக்குக் கதவத் திறக்கிறதுக்கு அஞ்சு பக்கம் எதுக்கு? அது யாரும் திறப்பாங்க. செஞ்சவன் வந்து நின்னா என்ன செய்யிறதுன்னு அந்தப் புத்தகத்துல ஒரு வரி இல்ல. உங்களுக்குப் பழியப் போடத் தம்பியும் கெடையாது. இருக்கிறது ஒரு அக்கா, அவங்களுக்கு லொறி ஓட்டத் தெரியாது.

அதனால நானே யோசிச்சேன். மிஷின் மிதிச்சிக்கிட்டே யோசிச்சதுதான், கை சரியாத்தான் வச்சேன், பயப்படாதீங்க.

எங்க கடையிலயும் சரி, உங்க அறையிலயும் சரி, ஆஸிகாவத் தவிர அத்தன பேரும் அவனுக்கு ஒரு சாக்கு இருக்கும், இல்ல கெடைச்சா நல்லதுன்னு பார்த்தாங்க. சாக்கே வேணாம், நனையட்டும்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். பிடிச்சு வச்சிருந்த கோபம் அந்த எடத்துல கொஞ்சம் தளர்ந்துச்சு. முழுக்க இல்ல. கொஞ்சம்.

வீட்டுக்கே வாங்க. அக்காவுக்கு நான் எழுதிட்டேன், அந்த அறையில வைக்கோலே இருக்கட்டும்னு.

மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க. அதுக்கு இன்னும் தெம்பு வரல. வந்தவுடனே சிரிச்சுப் பேசுவேன்னும் நினைக்காதீங்க, குழாயடிக்கு முதல்ல நீங்கதான் வாளியத் தூக்கிட்டுப் போகணும். எங்க போனாலும் எங்கன்னு சொல்லிட்டுப் போகணும். கடைக்குப் போனாலும் சொல்லணும். எனக்கு இனிமே இந்த சஸ்பென்ஸ் எல்லாம் ஏலாது.

உங்க சட்டைக்கு அளவு அனுப்புங்க. பழைய அளவு இப்ப சரியா வராதுன்னு நினைக்கிறேன்.

ஜெயராணி

பி.கு: நீங்க எந்த நேரம் வந்து சேருவீங்கன்னு சொல்ல ஏலாது. எனக்கு முழங்கால் வலி, எழும்பி வந்து திறக்கக் கஷ்டம். அதனால தாழ்ப்பாள் போடாமத் தூங்கிப் பழகுவோம்னு இன்னைக்கு மத்தியானம் கதவ சும்மா சாத்திட்டுப் படுத்தேன். பக்கத்து வீட்டு நாய் தள்ளிக்கிட்டு உள்ள வந்திருக்கு. நீங்க வந்தா ஆக்கிக் குடுக்கலாம்னு கட்டாக் கருவாடு வாங்கி, மூணாந் துண்டுல சுத்தி வச்சிருந்தேன். நாய் கருவாட்டத் தின்னுட்டு, கதைய வாசல்லயே போட்டுட்டுப் போயிருச்சு.