பாதியில் நின்ற பாடம்

ஜூலை 4

மன்னிக்க வேண்டும். இது எங்கள் பாம்புப் பண்ணையில் பாம்புகளின் எடையைக் குறிக்கக் கொடுத்த நோட்டு. இதில் என் மனதைக் கொட்டுகிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது.

இன்று ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குப் பாம்புப் பாடம் எடுத்தேன். கையில் பாம்பு இருந்தால் மட்டும் எனக்குக் கூச்சம் போய்விடுகிறது. எங்கள் 'பட்டைக்காரி'யை எடுத்துப் போயிருந்தேன். வெள்ளைப் பட்டைகள் போட்ட, விஷமில்லாத பாம்பு. முன்வரிசையில் ரெட்டைச் சடை போட்ட பெண் தொட்டுப் பார்த்தாள். "அக்கா, இது என்னை விட பயந்திருக்கு."

வீட்டுக்குள்ள வந்தா என்ன பண்றது என்று கேட்டாள். "அடிக்காதீங்க. பாவம், பல்லி புடிக்கத்தான் வருது" என்றேன்.

பயம் போக முதலில் விஷமில்லாததைக் காட்டுவோம். பிறகுதான் அதே சாயலில் இருக்கும் கட்டுவிரியனின் படம். கடைசியாக, எந்தப் பாம்பானாலும் தள்ளி நின்று எங்களுக்கு போன் செய்யச் சொல்வோம். அந்தப் படத்தை எடுக்கும் முன்பே மணி அடித்துவிட்டது. "மீதிய இன்னொரு நாள் பாத்துக்கலாம்மா" என்றார் வகுப்பு டீச்சர். தலையாட்டினேன். பதிவேட்டில் 'பாடம் முழுவதும் முடிந்தது' என்று எழுதினேன்.

ஜூலை 5

அம்மா: "நாப்பது புள்ளைங்க முன்னாடி நீ பேசினியா? கடைக்காரர்கிட்ட மீதிச் சில்லறை கேக்க என்னைத்தானே அனுப்புவ?"

ஜூலை 12

காலையில் பாம்பு பிடிப்பவர் ஒரு டப்பாவோடு வந்தார். உள்ளே கட்டுவிரியன். பள்ளிக்குப் பின்தெருவில் ஒரு வீடாம்.

"அப்பா குச்சிய ஓங்கியிருக்காரு. பொண்ணு கையப் புடிச்சு நிறுத்திடுச்சாம். 'அடிக்காதீங்க. பாவம், பல்லி புடிக்கத்தான் வருது'ன்னு. அவரும் சரின்னு வாலைப் புடிச்சு வெளிய விடப் போயிருக்காரு. கையிலயே கடிச்சிடுச்சு."

என் வாக்கியம். ஒரு எழுத்து மாறவில்லை.

ரெட்டைச் சடையா என்று கேட்காமல் டப்பாவை வாங்கி எடையைக் குறித்தேன்.

ஜூலை 13

அந்தப் பெண்ணின் அப்பாவுக்குச் செயற்கை சுவாசமாம். எங்கள் மேலாளர் பதிவேட்டைப் புரட்டினார். "நீ முழுசாத்தானே சொல்லியிருக்க? பின்ன ஏம்மா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? பசங்க பாதியத்தான் காதுல வாங்குதுங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

ஜூலை 15

பாம்புக்கு இமை கிடையாது என்று எத்தனை வகுப்பில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இன்று பட்டைக்காரியின் கூண்டைத் துணியால் மூடிவிட்டுத்தான் பெருக்கினேன். துணிக்குப் பின்னாலிருந்தும் பார்க்கிறது.

தெருவில் சைக்கிள் மணி அடித்தாலும் கை அந்தக் கட்டுவிரியன் படத்தைத் தேடுகிறது. 'பல்லி புடிக்கத்தான் வருது' — காதில் கேட்பது என் குரல் இல்லை. அவள் குரல்.

ஜூலை 17

சுவாசக் குழாயை எடுத்துவிட்டார்களாம். பிழைத்துக்கொண்டார். கழிவறைக்குள் போய்க் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

மாலையில் வகுப்பு டீச்சருக்கு போன் செய்தேன். அதே பெண்தான். பள்ளிக்கு வருவதில்லை. "சொன்னத ஒழுங்கா கேக்காததுக்கு அனுபவிக்கிறா. அப்பாகூட அவகிட்ட பேசறதில்லையாம்."

மணி அடித்து மீதி நின்றுபோனதை டீச்சர் மறந்துவிட்டார் போல. அவள் கேட்டாளே. நான் சொன்னதை எல்லாம் கேட்டாளே.

ஜூலை 18

"பாதிதான் சார் சொன்னேன். முழுசுன்னு எழுதிட்டேன்."

மேலாளர் பதிவேட்டை மறுபடி புரட்டினார். "அவர்தான் பொழச்சுட்டாரே. இப்ப எதுக்கும்மா?"

"அந்தப் பொண்ணு மேல பழி நிக்குது சார்."

பதிவேட்டில் அடித்துவிட்டு, 'பாதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இனி நான் பள்ளிகளுக்குப் போக வேண்டாம் என்றார். கூண்டு வேலை மட்டும்.

ஜூலை 22

அந்த வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா நாற்காலியில் இருந்தார். கண் இமைகள் இன்னும் பாதிதான் திறக்கின்றன. அவர் மனைவி, "படிச்ச புள்ள சொன்னதாச்சேன்னு நம்பினோம்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மணி, காட்டாத படம், பொய்யாக எழுதியது. உள் அறைக் கதவிடுக்கில் சடை தெரிந்தது. நான் எழுந்து வாசல் வரை வந்து, செருப்பையும் மாட்டிவிட்டேன். கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே போனேன்.

"அண்ணா, என்னை மன்னிக்க வேண்டாம். அவள இங்க கூப்பிட்டு, 'உன் மேல தப்பு இல்லம்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் போறதுக்கு முன்னாடி."