பின் பிரேக்கும் என்ரை வாயும்

மார்ச் 3, திங்கள்

விடியவே வெக்கை. நாயாத்துக் கரையில பாரை மீன், மணலை மீன், கொஞ்சம் இறால். ஐஸ் போட்டுப் பெட்டி கட்டி ஏழு மணிக்கு மல்லாவிச் சந்தைக்கு மோட்டச்சைக்கிளில வெளிக்கிட்டது.

ஒட்டுசுட்டான் தாண்டப் பின் சில்லு இறுகிக்கொண்டு வந்தது. பிரேக்கில கால் வைக்கவேயில்லை, தானாப் பிடிக்குது. மாங்குளத்துக்கு முன்னம் நிண்டே போச்சு. பிரேக் தட்டில துப்பிப் பாத்தன், சீ எண்டு பொங்கிச்சு. ரெண்டு மணித்தியாலம் வெயிலில. ஆறவிட்டு, கல்லால தட்டி இளக்கி இளக்கி மல்லாவிக்குப் போய்ச் சேர ஐஸ் முழுக்கத் தண்ணி.

சாப்பாட்டுக்கடை அம்மா பெட்டியைத் திறந்தா, மூக்கைப் பொத்தினா. "இனி நீ கொண்டுவர வேண்டாம் பிள்ளை. வேறை ஆளுக்குச் சொல்லுறன்." நாலு வருசமா மீன் குடுத்த இடம். அழுகை வந்தது, அழேல்லை.

எல்லாம் அந்த ரூபனால. மல்லாவிச் சந்தைக்குப் பக்கத்தில மோட்டச்சைக்கிள் திருத்திறவன். மூண்டு கிழமைக்கு முன்னம் பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கிற கலிப்பரைக் கழட்டிச் சேவிஸ் செய்து தந்தவன். "இனிப் பயப்பிடாமல் ஓடுங்கோ அக்கா" எண்டவன். ஓடினன். நடுறோட்டில நிண்டன்.

அவன்ரை கடையை மூடவைக்காட்டி நான் றெஜினா இல்லை.

மார்ச் 5, புதன்

தவக்காலம் துவங்குது. மாதா கோயிலில நெத்தியில சாம்பல் பூசியாச்சு. ஒருசந்தி, ஒருநேரச் சாப்பாடு. சுவாமியின்ரை பிரசங்கம்: மன்னிக்க வேணும். தலையாட்டினன்.

பூசை முடிய, இரவல் மோட்டச்சைக்கிளில மல்லாவி. சத்தம் போட்டால் வாய்க்காரி எண்டு எனக்குத்தான் பேர். அதால இரக்கப்படுற மாதிரிச் சொன்னனான். "ரூபன் பாவம், நல்ல பெடியன். ஆனா பிரேக் வேலை மட்டும் அவனிட்டைக் குடுக்காதேங்கோ. பிள்ளையளை ஏத்திற ஆக்கள் கவனம்." கருவாட்டுக்காரிக்குச் சொன்னது. பஸ்சுக்கு நிண்ட டீச்சருக்குச் சொன்னது. வாழைப்பழம் விக்கிற ராணியக்காவுக்குச் சொன்னால் போதும், மிச்சத்தை அவா பாப்பா.

ராணியக்கா: "தோட்டத்து ஆக்கள்தானே, உதுகளுக்கு என்ன தெரியும்."

ரூபன்ரை தாய் தேப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில இருந்து வந்ததுகள். அவன் பிறந்தது வளந்தது இஞ்சை. எனக்குத் தெரியும். வாயைத் திறக்கேல்லை.

பின்னேரம் என்ரை கண்ணால பாத்தன். ஒரு வாத்தியார் அவன்ரை வாசல் மட்டும் வந்து, மோட்டச்சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மற்றக் கடைக்குப் போனார். மனம் குளிர்ந்துபோச்சு.

மார்ச் 7, வெள்ளி

வெள்ளியில மல்லாவியில எல்லாரும் மரக்கறி, மீன் வாங்க ஆளில்லை. வீட்டில. கலிப்பரைக் கழட்டி, அவன் செய்த கேட்டையெல்லாம் பேப்பரில சுத்தி, சனம் பாக்க அவன்ரை மேசையில கொட்டுறதுதான் திட்டம்.

– போல்ட் ரெண்டும் இறுக்கம். போல்ட் கழட்டுற சாவியில பைப் கொழுவி இழுத்தது.
– பிரேக் பாட் புதுசு. சரி.
– கலிப்பர் நகருற பின்னுகளில கிறீஸ் அப்பிடியே கிடக்கு. துரு இல்லை. ம்.
– மீன்பெட்டித் தண்ணி கலிப்பரில ஒழுகாமல் ஒரு தகரத்துண்டு பூட்டியிருக்கிறான். நான் கேக்கவேயில்லை.
– பிரேக்கை மிதிச்சு மிதிச்சுப் பிஸ்டனை வெளியில தள்ளினது. றப்பர் வளையம் ஊதிப் பெருத்து, பிசுபிசுவெண்டு.

மோட்டச்சைக்கிளில பிரேக் ஒயில் நிக்கிற டப்பாவைத் திறந்து மணந்தன். வள்ளத்து மணம்!

என்ரை மனுசன் செபஸ்தி கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டிருந்தவர், நிமிராமலே: "அது போன கிழமை குறைஞ்சு கிடந்தது. வள்ள இஞ்சினுக்கு வாங்கினதில கொஞ்சம் விட்டனான். ஒயில் ஒயில்தானேயப்பா."

ஐயோ மாதாவே.

சேவிஸ் செய்த அண்டைக்கே ரூபன் சொன்னவன். ரெண்டு தரம் சொன்னவன். "வேறை ஒயில் விட்டால் றப்பர் ஊதிப் பிடிச்சிடும் அக்கா, வீட்டிலயும் சொல்லிவிடுங்கோ." ஐஸ் உருகுதே எண்ட அவதியில ஓம் ஓம் எண்டனான். வீட்டில சொல்லேல்லை.

செபஸ்திக்கு இரவு வெறுஞ்சோறு. எனக்கும்.

மார்ச் 8, சனி

பஸ்சில மல்லாவி. இந்த றப்பர் ரூபனிட்டை மட்டும்தான் இருக்கு. கடை வெறுசு. வாங்கிலில குந்தியிருக்க ஒருத்தருமில்லை.

ஊதின றப்பரை மணந்தான், சிரிச்சான். "வள்ளத்து ஒயிலா அக்கா? நாயாத்து ஆக்கள் எல்லாரும் ஒருக்கா இதைச் செய்வினம்." கலிப்பருக்கும் மிதி பம்புக்கும் புது றப்பர் எடுத்துத் தந்தான். பழைய ஒயில் ஒரு சொட்டும் நிக்கக் கூடாது, பெற்றோல் விட்டுக் கழுவக் கூடாது – எல்லாம் துண்டில எழுதித் தந்தான்.

வெளிக்கிட: "அக்கா, ஆரோ என்னைப் பற்றிக் கதை கட்டிவிட்டிருக்கினம். ரெண்டு நாளா ஒரு வேலை வரேல்லை. நீங்கள் சொன்னால் சந்தையில கேப்பினம். ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கோவன்."

ஓம் எண்டனான். அவன்ரை முகத்தைப் பாக்கேல்லை.

மார்ச் 10, திங்கள்

பிரேக் பிடிக்குது, விடுது. சில்லு லேசாச் சுத்துது.

முதல் ராணியக்காவிட்டை. "பிழை எங்கட. ரூபன் ஒழுங்காத்தான் செய்தவன்." அவா என்ரை கையைப் பிடிச்சா. "உனக்கு இரக்கம் கூடிப்போச்சு றெஜினா. அண்டைக்கும் பாவம் பாவம் எண்டுதானே சொன்னனீ." கருவாட்டுக்காரியும் அதே கதை. டீச்சர்: "நடுறோட்டில விட்டவனுக்கும் நல்லது சொல்லுறா பாருங்கோ." மாதாவாணை எண்டு சத்தியம் பண்ணினன். அவையள் இன்னும் கூடத்தான் உருகினவை.

சாப்பாட்டுக்கடை அம்மா கூப்பிட்டா. "கேள்விப்பட்டனான். இப்பிடி மனமுள்ள ஆளை விடக்கூடாது. புதனில இருந்து நீயே கொண்டு வா."

திரும்பி வரேக்கை ரூபன் வாங்கிலில தனிய. கை காட்டினான்.

"பிரேக் எப்பிடி அக்கா?"

"நல்லாப் பிடிக்குது" எண்டனான்.