பத்து நொடி மூச்சு

குடியேற்ற ஆண்டு 31, மாசி 3. 07:40
பள்ளி உடற்பயிற்சிக் கூடம், நிலவு

என் பெயர் ஆவுடையம்மாள். வயது பதின்மூன்று. எட்டாம் வகுப்பு. இந்தக் குறிப்பேட்டைப் பின்னாளில் யார் எடுத்துப் படித்தாலும் அவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன்: நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். யார் என்ன பேசினாலும் அவர்கள் பேசியபடியே எழுதுவேன்.

எங்கள் குடியிருப்பு நிலவின் தரைக்கு அடியில் ஒரு நீளமான குகைக்குள் இருக்கிறது. மக்கள்தொகை 212. பெரும்பாலான குடும்பங்கள் திருநெல்வேலிப் பக்கம். இங்கே எடை ஆறில் ஒரு பங்குதான். உடற்பயிற்சி செய்யாவிட்டால் எலும்பு தேய்ந்துவிடும். ஆகவே எங்கள் வகுப்பின் பன்னிரண்டு பேரும் தினமும் ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிக்கிறோம். நகராத சைக்கிள். முகத்தில் மூச்சளவி கட்டியிருக்கும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று போய் வருகிறது என்று அது காட்டும். எல்லோரும் ஒரே வேகத்தில் மிதிக்கும்போது, எண் குறைவாக இருப்பவர் ஒழுங்காக மூச்சு விடுகிறார் என்று பொருள்.

இன்றைய அளவு: மெகர்நிஷா 21. இசக்கிராஜ் 27. நான் 38. கடைசி இடம்.

பயிற்சி ஆசிரியர் ஞானதுரை சார் என் பக்கத்தில் வந்து நின்று சொன்னது: "ஏட்டி ஆவுடை, மூச்சு விடுதியா, மூச்ச முழுங்குதியா? மூக்கால இழு. நாலு மிதிக்கு உள்ள, ஆறு மிதிக்கு வெளிய. விடுததுதான் முக்கியம். பழசு போனாத்தான புதுசு வரும்?"

வகுப்பு சிரித்தது. மற்ற எல்லாப் பாடங்களிலும் நான்தான் முதல். இதையும் பதிவு செய்கிறேன்.

மாசி 5. 16:15
நூலக அறை

மூச்சளவியின் கையேட்டை முழுவதும் படித்தேன். 64 பக்கங்கள். பக்கம் 41: கருவி தொடர்ந்து அளப்பதில்லை. ஒவ்வொரு நிமிடத்திலும் பத்து நொடி மட்டும் அளந்து, அதை ஆறால் பெருக்கிக் காட்டுகிறது. அளக்கிற பத்து நொடியும் முகமூடியின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும்.

இதை வேறு யாரும் படித்திருப்பதாகத் தெரியவில்லை.

மாசி 6. 08:50
உடற்பயிற்சிக் கூடம்

செய்து பார்த்தேன். பச்சை எரியும்போது கொஞ்சமாக விட்டேன். அது அணைந்ததும் வாயைத் திறந்து வேண்டிய மட்டும் இழுத்துக்கொண்டேன். என் அளவு: 12.

சார் திரையை இரண்டு முறை பார்த்தார். "பாத்தியா! சொன்னதச் செஞ்சா வருதுல்லா? புத்தகப் புழுவுக்கும் நுரையீரல் இருக்குன்னு நிரூபிச்சிட்டியே!" என்றார். பலகையில் முதலிடத்துக்கு நேராக என் பெயரை அவரே எழுதினார்.

பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

மாசி 9. 12:30
உணவுக் கூடம்

இசக்கிராஜ் என் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "ஏட்டி, உண்மையச் சொல்லு. செவுள் கிவுள் முளைச்சிருக்கா உனக்கு? மீன் மாதிரி?"

நான் சொல்லிவிட்டேன். யாராவது கேட்டால் விளக்கிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. படம் வரைந்து, நொடிக் கணக்கு போட்டு, அழகான கையெழுத்தில் வகுப்பு முழுவதற்கும் பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

மெகர்நிஷா மட்டும் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "எனக்கு வேண்டாம்ட்டி. சார் சொன்ன மாதிரியே பழகிப் பாக்கேன். இப்பத்தான் கொஞ்சம் பிடி கிடைச்சிருக்கு."

மாசி 24. 09:20
உடற்பயிற்சிக் கூடம்

வகுப்பு அளவுகள்: பதினோரு பேர் 12 முதல் 14 வரை. மெகர்நிஷா 19. கடைசி இடம்.

சார் அவளை எல்லோர் முன்னிலையிலும் ஏசினார். "எல்லாரும் பதிமூணுக்கு வந்தாச்சு. நீ என்னட்டி பத்தொம்பதுலயே நிக்க? கவனம் எங்க இருக்கு உனக்கு?" மெகர் தலை நிமிரவில்லை. அவள் கழுத்து முழுக்க வியர்வை. நான் என் காலணிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

பிறகு சார் ஒரு செய்தி சொன்னார். அதைப் புரிந்துகொள்ள இது தேவை: சூரியப் புயல் வந்தால் 48 மணி நேரம் எல்லோரும் தங்குமிடங்களுக்குள் அடைந்துகொள்வோம். அப்போது மின்சாரம் நிறுத்தப்படும். சைக்கிள் மிதித்தால்தான் காற்றாடி சுற்றும். காற்றாடி, நாம் வெளியே விடும் கரியமில வாயுவைச் சுண்ணாம்பு டப்பாவுக்குள் தள்ளும். சுண்ணாம்பு அதை உறிஞ்சும். வெள்ளைச் சுண்ணாம்பு முழுக்க ஊதா நிறமானால் டப்பா தீர்ந்தது என்று பொருள். ஆக்சிஜன் தொட்டியில் வேண்டிய மட்டும் இருக்கிறது. டப்பாக்கள்தான் குறைவு. அவற்றை மூச்சளவியின் சராசரியை வைத்துத்தான் ஒதுக்குகிறார்கள்.

எங்கள் வகுப்பு அடையும் பள்ளித் தங்குமிடத்துக்கு இதுவரை ஒன்பது டப்பா. இனி ஆறு போதும் என்று சார் கையெழுத்துப் போட்டுவிட்டார். மிச்சம் மூன்று மருத்துவமனைக்கு. அங்கே பிறந்த குழந்தைகள் நான்கு இருக்கின்றன.

"நம்ம பிள்ளேள் மூச்சுல மிச்சம் பிடிச்சது, பச்சப் பிள்ளைக்குப் போகுது" என்றார்.

மாலையில் சாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன். கடிதம் என் பையில் இருக்கிறது. புயல் அடுத்த ஆண்டுதான் வரும் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள். அவசரம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனி 2.
பள்ளித் தங்குமிடம்

புயல் வந்துவிட்டது. கதவு அடைக்கப்பட்டது. இனி கதவடைத்த நேரத்திலிருந்து மணிக் கணக்கு எழுதுவேன். உள்ளே: மாணவர்கள் 12, சார் 1. டப்பாக்கள் 6. ஒன்று எட்டு மணி நேரம் வர வேண்டும்.

05:30
முதல் டப்பா முழுக்க ஊதா. எட்டு மணி நேரம் வரவில்லை. ஐந்தரை.

சார் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழைய சரக்கா இருக்கும்" என்றார். இரண்டாவதை மாட்டினார். நான் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டேன்.

07:10
புயலில் நாற்பது நிமிட இடைவெளி. சுரங்கப் பாதையில் இப்போது மட்டும் ஆள் நடமாடலாம். வானொலியில் வந்தது:

"கட்டுப்பாட்டு அறை பேசுதோம். எல்லாத் தங்குமிடத்துக்கும் தள்ளுவண்டி கிளம்புது. டப்பா கூடுதலா வேணும்னா இப்பவே கேளுங்க. இதுக்கப்புறம் கதவு திறக்காது. பள்ளிக்கூடம், உங்களுக்கு?"

சார் எங்கள் பக்கம் திரும்பினார். "பிள்ளேளா, உங்க அளவெல்லாம் சரிதான? யாராவது ஏதாவது சொல்லணுமா?"

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். மெகர் சைக்கிளில் இருந்தாள். முகமூடிக்கு மேலே அவள் கண்களும் என்னைத்தான் பார்த்தன.

சார் மூன்று நொடி காத்திருந்தார். நான் எண்ணினேன். பிறகு வானொலியில் சொன்னார்: "எங்களுக்கு வேண்டாம். எங்க பிள்ளேள் கணக்கு அப்படி. தேவைப்படுத இடத்துக்குக் குடுங்க."

07:50
இடைவெளி முடிந்தது.

ஏன் சொல்லவில்லை? சாரின் முகம் வாடிவிடுமே என்பதால், என்று முதலில் எழுதினேன். அழித்துவிட்டேன். பலகையில் என் பெயர் இருக்கிறது. அதனால்தான்.

09:20
தலைவலி ஏழு பேருக்கு. இரண்டாவது டப்பாவும் வேகமாக ஊதாவாகிறது. சார் வானொலியில் கிடங்குப் பொறுப்பாளர் செல்லையாவை அழைத்தார். நடந்த பேச்சு:

"செல்லையாண்ணே, பிள்ளேள் இருக்க இடத்துக்குப் பழைய சரக்கத் தள்ளிருக்கீங்களே, நியாயமா?"

"ஐயோ சார், எம் பிள்ள மேல சத்தியம். போன மாசம் பிரிச்ச பெட்டி. என் கையாலதான எடுத்து வச்சேன்."

"அப்ப ஏன் அஞ்சரை மணி நேரத்துல தீருது? புயல் முடியட்டும், நான் சும்மா விட மாட்டேன்."

அந்தப் பக்கம் அவர் அழுகிற சத்தம் கேட்டது. பெரியவர்.

நான் எழுந்து நின்று சொன்னேன். பக்கம் 41. பச்சைப் புள்ளி. பத்து நொடி. நான் எழுதிக் கொடுத்த தாள். எல்லாம்.

சார் வானொலியைக் கீழே வைத்தார். பிறகு, "யாரு யாரு? கை தூக்குங்க" என்றார். மெகரைத் தவிர எல்லாக் கைகளும் மேலே போயின. எண்ணினார்.

"பதினோரு பேரா! ஏல, அப்ப நான் சொல்லிக்குடுத்தது இந்த வகுப்புல ஒரே ஒருத்திக்குத்தான் ஏறிருக்கு. அவளையும் ஏசித் தொலச்சிட்டேன்." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. மெகரிடம் போனார். "மன்னிச்சுக்க தாயி." அடுத்து வானொலியில் செல்லையாவிடமும் அதையே சொன்னார்.

என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஏசியிருக்கலாம்.

09:45
கட்டுப்பாட்டு அறை: "இனிமே இடைவெளி கிடையாது சார். ஒரு ஆளைக்கூட வெளிய அனுப்ப முடியாது. கதவு நாப்பத்தெட்டுலதான். சமாளிங்க. நாங்க லைன்லதான் இருக்கோம்."

சார் எல்லோரையும் மறுபடி அளந்தார். முகமூடி இறுக்கமாக. இரண்டு நிமிடம் வானொலிக் கருவியைப் பார்த்தபடி, பச்சைப் புள்ளி கண்ணில் படாமல். உண்மை அளவு: மெகர் 19. சார் 24. இசக்கி 27. மற்றவர்கள் 29 முதல் 34. நான் 38.

கணக்கு நான்தான் போட்டேன். இப்படியே போனால் கதவு திறப்பதற்குப் பதினைந்து மணி நேரம் முன்பே டப்பாக்கள் தீர்ந்துவிடும். எல்லோரும் அசையாமல் படுத்து, குறைவாக மூச்சு விடுகிறவர்கள் மட்டும் மெதுவாக மிதித்தால் எட்டு மணி நேரத்துக்குத்தான் பற்றாது. மூன்று முறை சரிபார்த்தேன். எட்டுதான். மருத்துவமனைக்குப் போன டப்பாக்கள் மூன்று.

18:30
மெகர் இரண்டு மணி நேரம், சார் இரண்டு மணி நேரம். மாற்றி மாற்றி. மற்ற எல்லோரும் பாயில். பேசக் கூடாது. இசக்கி எழுதிக் காட்டினான்: "செவுள் இருந்தா இப்ப கடனாக் குடு." நான் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

படுத்துக்கொண்டே மெகரைக் கவனிக்கிறேன். அவள் தோள் அசைவதே இல்லை. வயிறு மட்டும் ஏறி இறங்குகிறது. நாலு மிதிக்கு உள்ளே, ஆறு மிதிக்கு வெளியே. சார் இதைத்தான் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்த நேரத்தில் கையேடு படித்தேன்.

27:00
சாருக்குத் தலைவலி அதிகம். ஆனாலும் இறங்க மாட்டேன் என்கிறார். மிதித்துக்கொண்டே வருகைப் பதிவு எடுத்தார். பன்னிரண்டு பெயர்களும் சொன்னார். பதின்மூன்றாவதாக ஒரு பெயர் சொல்லி, பதிலுக்காகக் காத்திருந்தார். அப்படி யாரும் எங்கள் வகுப்பில் இல்லை.

31:40
சார் வாந்தி எடுத்தார். நானும் இசக்கியும் பாயில் கிடத்தினோம். ஆறாவது டப்பா போடப்பட்டது. கடைசி.

36:40
சாருக்குப் பிறகு இசக்கி ஏறினான். அவனுக்குப் பிறகு, அளவு குறைந்தவர் முதலில் என்று நான் போட்ட பட்டியல் வரிசைப்படி ஒவ்வொருவராக. யாராலும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் முடியவில்லை. இடையிடையே மெகர்.

37:50
மெகர் சைக்கிளிலிருந்து விழுந்தாள். கால் பிடித்துக்கொண்டது. சாரைக் கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. வேகமாக மூச்சு விடுகிறார். ஏழு பேர் தூக்கம், எழுப்பினால் முனகுகிறார்கள். இரண்டு பேர் எழவில்லை. மூச்சு இருக்கிறது. இசக்கி கண் திறந்திருக்கிறான், பேசவில்லை.

பட்டியலில் எனக்கு முன்னால் இருந்த எல்லோரும் மிதித்து முடித்துவிட்டார்கள்.

38:05
ஏறிவிட்டேன். முகமூடி இறுக்கம். ஒரு கையால் எழுதுகிறேன். 37.

கீழே படுத்தபடி மெகர் சொன்னது: "ஏட்டி, விடுததுக்கு அவசரப்படாத. உள்ள இருக்கது முழுசாப் போகட்டும். வயித்த உள்ள இழு. இன்னும். இன்னும் இருக்கு பாரு. இப்ப, தானா வரும்."

என்மேல் உனக்குக் கோபம் இல்லையா என்று கேட்டேன். "இருக்கு. மூச்சு விடு" என்றாள்.

38:30
33. பச்சைப் புள்ளி மேல் காகிதம் ஒட்டிவிட்டேன்.

38:50
30. நாலு உள்ளே. ஆறு வெளியே. ஐந்திலேயே திணறுகிறது.

கட்டுப்பாட்டு அறை: "பள்ளிக்கூடம், யாரு மிதிக்கது?" பெயர் சொன்னேன். "சார் எங்கம்மா?" சொன்னேன். "இன்னும் ஒம்பது மணி நேரந்தான். விட்டுறாத" என்றார்கள்.

டப்பாவில் வெள்ளை இரண்டு விரல் அகலம்.

39:05
28. இதற்குக் கீழே இறங்கவில்லை. மிதி கனக்கிறது. விளக்குகளுக்கும் என் கால்தான் மின்சாரம் தருகிறது. பிள்ளைகள் பயப்படக் கூடாது என்று சார் அவற்றை அணைக்கவே விடவில்லை. அணைத்தால் மிதி லேசாகும். மூச்சு குறையும். வெள்ளை கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும்.

ஆனால் இருட்டில் யார் மார்பு ஏறி இறங்குகிறது, யாருடையது நின்றுவிட்டது என்று பார்க்க முடியாது. இதுவரை ஒவ்வொரு நிமிடமும் பார்த்தேன். பன்னிரண்டு. இப்போது பன்னிரண்டு.

சுவிட்ச் மெகரின் கைக்கு எட்டும்; அணைக்கச் சொல்லிவிட்டேன்.

39:08
விளக்குகள் அணைக்கப்பட்டன.