அப்புறம் என்று கேட்டது நான்தான்

ஷியெலி, ரயில்வே குடியிருப்பு
ஞாயிற்றுக்கிழமை

என் ஒட்டகக் கன்று அக்மராலுக்கு அப்பா எழுதுவது.

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், ஆனால் இது உன் கைக்கு வரும் நேரத்தில் நீ நலமாக இருக்க மாட்டாய் என்று தெரிந்துகொண்டே அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. உடம்பாவது நன்றாக இருக்கட்டும். நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், எங்களைப் பற்றி இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும். இதை உன் தௌலெத் மாமாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். முதலில் அவர் தன் வாயால் உன்னிடம் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் கடிதத்தைத் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சாவுச் செய்தியைப் பெரியவர் ஒருவர் நேரில் வந்து உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும், அதை நான் மீறவில்லை. ஆனால் உன் மாமாவைத்தான் உனக்குத் தெரியுமே, ஆற்றைப் பற்றிச் சொல்வார், கூடு விட்டுப் போன பறவையைப் பற்றிச் சொல்வார், சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே அழ ஆரம்பித்துவிடுவார். அப்படி ஆகியிருந்தால் என்ன செய்வது என்று நான் நேராகவே எழுதிவிடுகிறேன். உன் தங்கை, நம் இன்ஜு போய்விட்டாள். புது வருஷம் பிறந்து இரண்டாவது வாரத்திலேயே போய்விட்டாள். உனக்குச் சொல்லாமல் அடக்கம் செய்தோம்.

அன்று எனக்கு ரயில் நிலையத்தில் இரவு டூட்டி. அந்த வாரம் இங்கே அடித்த குளிர் உனக்குத் தெரியாது, மாடுகளின் மூக்கில் பனி தொங்கியது. அம்மாவும் இன்ஜுவும் அடுப்பு இருக்கிற அறையிலேயே படுத்திருக்கிறார்கள். கரி முழுக்க எரிந்து முடிவதற்கு முன்பே புகைபோக்கியின் தகட்டைச் சாத்தியிருக்கிறார்கள், சூடு வெளியே போகாமல் இருக்க. கரியின் விஷக்காற்று வெளியே போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே தங்கிவிட்டது. காலையில் நான் வந்தபோது அம்மா வாசற்படிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தாள், கதவைத் திறக்க வந்திருக்கிறாள் போல. இன்ஜு படுக்கையிலேயே இருந்தாள். கன்னம் இரண்டும் சிவந்து இருந்ததால் உயிர் இருக்கிறது என்று நினைத்து அவளைத் தூக்கிக்கொண்டு தெருவரைக்கும் ஓடினேன். அந்த விஷக்காற்று கன்னத்தை அப்படித்தான் சிவக்க வைக்குமாம், டாக்டர் சொன்னார். நீயும் டாக்டருக்குத்தானே படிக்கிறாய், உனக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை. அம்மா ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். கை நடுக்கம் இன்னும் போகவில்லை. நீ வீட்டுக்கு வரும்போது என்ன வேண்டுமானாலும் கேள், என்னை அடிக்கக்கூடச் செய், ஆனால் அந்தத் தகட்டை யார் சாத்தினார்கள் என்று மட்டும் கேட்காதே. இந்த வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அடக்கம் முடிந்து வந்து உட்கார்ந்ததும் எசென் பெரியப்பாதான் பேச்சை எடுத்தார். அந்தப் புள்ளைக்கு இன்னும் நாலு பரிட்சை இருக்கு, ஒண்ணுல தவறினாலும் அரசாங்கம் குடுக்கற இலவசப் படிப்பு போச்சு, இந்த வீட்டுல யாரால காசு கட்டிப் படிக்க வைக்க முடியும், எல்லாம் எழுதி முடிக்கட்டும், அப்புறம் நாமளே போய்ச் சொல்லிக்கலாம் என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். இன்ஜுவுக்குத் தொண்டையில் வீக்கம், டாக்டர் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று உனக்குச் சொல்வதாக முடிவு செய்தோம். அம்மாவுக்குப் பல் வலி, கன்னம் வீங்கியிருக்கிறது, அதனால் வீடியோவில் வர வெட்கப்படுகிறாள் என்று வைத்துக்கொண்டோம். பொய்யைக் கூடி உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறபோது அது பொய் மாதிரியே இருக்கவில்லை, மாட்டுக்கு விலை பேசுவது மாதிரி இருந்தது.

ஏழாம் நாள் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. வீடு கொள்ளாத கூட்டம், பெண்கள் எண்ணெயில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள், குர்ஆன் ஓத வந்தவர் அப்போதுதான் வாயைத் துடைத்துக்கொண்டு ஆரம்பிக்கப் போனார். ஜன்னல் விளிம்பில் இருந்த இன்ஜுவின் போன் சத்தம் போட்டது. எடுத்து அணைக்கலாம் என்று போனேன், என் தடித்த விரல் எங்கேயோ பட்டுவிட்டது, அறை முழுக்க உன் குரல். நீ சிரித்துக்கொண்டே பேசினாய். அடியே கழுதை, படிச்சதுல பாதி எனக்கு மறந்துபோச்சு, நாளைக்குப் பரிட்சை, ஆனா நான் என்ன பண்ணிட்டிருக்கேன் தெரியுமா, போர்வைக்குள்ள டார்ச் அடிச்சுக் கதை படிச்சிட்டிருக்கேன், ரூம்காரி என்னைக் கொல்லப் போறா, கேளு, வேரா கூரை மேல இருந்து பனியோட பனியா சறுக்கி விழுந்துட்டா, கீழ யாரு நிக்கறான்னு நினைக்கற என்று சொல்லி நிறுத்திவிட்டாய். கீழே நிற்பது யார் என்று தெரிவதற்காக ஒரு வீடு முழுக்க ஆட்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒரு பெண் அழ ஆரம்பித்தாள், எல்லோரும் அழுதார்கள். பெரியப்பா என் தோளைத் தொட்டு, பதில் போடுடா, போடலைன்னா சந்தேகம் வந்துரும் என்றார். இன்ஜு முன்னால் உனக்கு என்னவெல்லாம் எழுதியிருக்கிறாள் என்று மேலே தள்ளிப் பார்த்தேன். முக்கால்வாசிக்கு அப்புறம், அப்புறம் என்றுதான் கேட்டிருந்தாள், பக்கத்தில் சிரிக்கிற முகம் மூன்று. நானும் அப்புறம் என்று எழுதினேன். சிரிக்கிற முகம் மூன்று போட்டேன்.

அன்றிலிருந்து உன் தங்கை நான்தான். பரிட்சை நேரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கிற கதையை வைத்துக்கொண்டு பத்தொன்பது வயசுப் பெண் என்ன செய்கிறாள் என்று உன்னைத் திட்டியவன் நான், நினைவிருக்கிறதா? அப்போது இன்ஜு குறுக்கே விழுந்து, அப்பா உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, கதை படிச்சிட்டுப் போன அன்னிக்குத்தான் அக்கா நல்லா எழுதறா, படிக்காமப் போனா கை நடுங்குது என்றாள். எனக்கு அது சாக்கு மாதிரி பட்டது. இப்போது தினமும் நீ பேசி அனுப்புவதைக் கேட்கிறேன். உயிர்வேதியியல் பரிட்சை முடிந்து வந்த மத்தியானம் கோட்டைக் கழற்றுவதற்குள் புத்தகத்தைத் திறந்துவிட்டதாகச் சொன்னாய், சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே ருஷ்ய மொழியில் படித்ததை நம் மொழியில் சொன்னாய், விதையின் சத்தம்கூட எனக்குக் கேட்டது. மலை மேல் பனியில் மாட்டிக்கொண்ட அந்தப் பள்ளிக்கூடம், சாப்பாடு தீர்ந்துபோவது, வாத்தியார்களை ஏமாற்றிவிட்டுப் பிள்ளைகள் கீழே ஊருக்கு நடக்கக் கிளம்புவது எல்லாம் எனக்கு இப்போது அத்துப்படி. ஸ்டேஷனில் சிக்னல் விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அந்த வேரா என்ன ஆனாளோ என்று யோசிக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. உன் குரல் வந்தால் அம்மா எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுகிறாள், அவளால் கேட்க முடியவில்லை. என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

நடுவில் ஒரு நாள் மாட்டிக்கொண்டேன். வேராவுக்கு எந்தப் பையன் சரி என்று கேட்டிருந்தாய், கிதாரோடு பாடித் திரிகிறவனா, தினமும் விடியுமுன் எழுந்து பனியைத் தள்ளி எல்லோருக்கும் வழி உண்டாக்குகிறவனா என்று. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, பனி தள்ளுகிறவன்தான், பாட்டு சோறு போடுமா என்று எழுதிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் உன் பதில் வந்தது. ஏய், யாருடி நீ, என் தங்கச்சியா இல்ல நம்ம அப்பாவா, போன வாரம் வரைக்கும் பாட்டுக்காரனுக்காக உயிரை விட்டியே, தொண்டை வீங்கினா புத்தி மாறிருமா என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். பெண் பெற்றவன் இரண்டு பையன்களைப் பார்த்தால் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்துவிட்டேன், இன்ஜு பதிமூன்று வயசுப் பெண் என்பதை மறந்துவிட்டேன். சும்மா சொன்னேன், பாட்டுக்காரன்தான் என்று மாற்றி எழுதினேன். அவள் செத்த பிறகு அவளுக்குப் பிடித்தவனை நான் மாற்றப் பார்த்தது மாதிரி அன்று முழுக்க மனசு உறுத்தியது.

நேற்று நீ அனுப்பியதற்கு என்னால் பதில் போட முடியவில்லை. வியாழக்கிழமை கடைசிப் பரிட்சை, உடற்கூறு, இதுதான் பயமா இருக்கு, கதையோட கடைசி அத்தியாயத்தைப் படிக்காம வெச்சிருக்கேன், முடிச்சிட்டு வந்து ரெண்டு பேரும் சேர்ந்து படிக்கலாம், இப்ப தொண்டை தேவலைதானே, ஒரே ஒரு வாட்டி அக்கான்னு கூப்பிட்டு அனுப்புடி, பரிட்சைக்குப் போறப்ப காதுல வெச்சுக்கிட்டுப் போறேன் என்றாய். இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். பெரியப்பாவின் மகன் அங்கே இருந்தான், அவனுக்கு இந்த வித்தையெல்லாம் தெரியும். போனை வாங்கித் தேடி, போன வருஷம் அவள் பேசி அனுப்பிய ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அக்கா, அக்கா, சீக்கிரம் வா என்கிறாள், அவ்வளவுதான். இதையே அனுப்பிடுங்க சித்தப்பா, ஒண்ணும் தெரியாது என்றான். பெரியப்பாவும், அனுப்புடா, நாலே நாள், வியாழக்கிழமை தாண்டட்டும் என்றார். விரலை வைத்துவிட்டேன், அக்மரால். ஆனால் அழுத்த முடியவில்லை. எழுதினது எல்லாம் என் பொய், அதை நான் சுமந்துகொள்வேன். செத்த குழந்தையின் வாயில் பொய்யை வைத்து உன்னிடம் பேச வைக்க என்னால் ஆகாது. அண்ணா, இதுக்கு மேல முடியாது, அவளுக்குச் சொல்லப் போறேன் என்றேன். பெரியப்பா குல்லாவை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். ஒரு பொண்ணு மண்ணுக்குள்ள போச்சு, இன்னொருத்தி படிப்பையும் சேத்துப் புதைக்கப் பாக்கற, இனி என் முகத்துல முழிக்காத என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது தப்பு என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. நான் செய்வது சரி என்றும் தெரியவில்லை. உன் படிப்பு இதனால் போனால் அது என்னால்தான் போகும், பெரியப்பா தடுத்தார் என்பதை மட்டும் மறக்காதே.

ஆகவே கேள். பரிட்சை எழுத முடிந்தால் எழுது, தங்கை செத்திருக்க எப்படி எழுதினாள் என்று யாராவது கேட்டால் அப்பா எழுதச் சொன்னார் என்று சொல். முடியவில்லை என்றால் மாமாவோடு ரயில் ஏறி வந்துவிடு, கல்லூரியில் அவர் பேசிப் பார்ப்பார், அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் போகட்டும். எதைச் செய்தாலும் நாற்பதாம் நாளுக்கு நீ இங்கே இருக்க வேண்டும். இன்னொன்று, நீ மேலே தள்ளித் தள்ளி எது அவள் எழுதியது, எது நான் எழுதியது என்று தேடப் போகிறாய், எனக்குத் தெரியும். அந்தப் பாட்டுக்காரனைச் சாக விட்டுடாதே, செத்தா நான் உன்கூடப் பேச மாட்டேன் என்று இருக்கிறதே, அதுதான் அவள் கை பட்ட கடைசி வரி. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் நான். அவள் மண்ணுக்குள் கிடந்த நாட்களில் நாம் கதை படித்துச் சிரித்துக்கொண்டிருந்தோமே என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளாதே. அடித்துக்கொள்ளத்தான் செய்வாய், உன் அம்மாவின் பெண் நீ. ஆனால் உனக்குத் தெரியாது, தெரியாமல் சிரித்தாய், இந்த வீட்டில் இந்த நாட்களில் கேட்ட ஒரே சிரிப்பு உன்னுடையது. அது இல்லாமல் போயிருந்தால் நான் ரயிலுக்குப் பச்சை காட்டிக்கொண்டிருந்திருப்பேனா, அதன் முன்னால் போய் நின்றிருப்பேனா, சொல்ல முடியாது. அம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதே.

மாமாவிடம் குதிரை இறைச்சி கொடுத்துவிட்டிருக்கிறேன், வேக வைத்துச் சாப்பிடு, பிடிக்காவிட்டாலும் சாப்பிடு. அம்மா பின்னிய கம்பளிக் காலுறையும் இருக்கிறது, நடுக்கத்தில் ஒன்று பெரியதாகவும் ஒன்று சின்னதாகவும் வந்துவிட்டது, அவள் எதிரில் அதைச் சொல்லாமல் போட்டுக்கொள். தூங்கும்போது ஜன்னலை ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைத்துத் தூங்கு. உன் விடுதியில் அடுப்பு கிடையாது, சூட்டுக் குழாய்தான், எனக்கும் தெரியும். ஆனாலும் திறந்து வை. அல்லா உன்னை எங்களுக்கு விட்டு வைக்கட்டும், எங்கள் ஆயுசில் மிச்சம் இருப்பதை உன் ஆயுசோடு சேர்க்கட்டும். இனி அந்தப் போனுக்கு எதுவும் அனுப்பாதே, அணைத்து வைக்கப் போகிறேன்.

உனக்கு இத்தனை நாள் அவள் பேரில் எழுதினேன். இது மட்டும் என் பேரில்.

உன் அப்பா,
ஒரின்பாய்