லொறிக்குள்ள வந்த மணம்

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை

இவர் லீவில பிரான்சுக்குச் சைக்கிளில போகப் போறாராம். பாரிசில என்ர தங்கச்சி வீடு இருக்கு, அங்க போகமாட்டாராம். ஆளில்லாத வயல் றோட்டுகளாப் பார்த்து போனில குறிச்சு வைச்சிருக்கிறார். அந்தப் பக்கம் பாக்க ஒரு கோட்டையில்லை, கடற்கரையில்லை.

"அங்க என்ன கிடக்கு?" எண்டு கத்திப்போட்டன்.

செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னார்: "என்னையும் கூட வந்த பெடியளையும் லொறிக்குள்ள ஒளிச்சு லண்டனுக்குக் கொண்டுவரேக்க அந்தப் பக்கம் ஒரு இடத்தில நிப்பாட்டினவங்கள். உள்ளுக்க கும்மிருட்டு. வெளியில இருந்து இனிப்பா ஒரு மணம் வந்தது. என்னெண்டு இண்டைக்கும் தெரியாது."

"எந்த றோட்டெண்டு தெரியுமோ?"

"தெரியாது. குலுக்கின குலுக்கலுக்குச் சின்ன றோட்டுத்தான். அதுதான் சின்ன றோட்டெல்லாத்தாலயும் போய்ப் பாக்கப்போறன். காரில போனா மணம் பிடிபடாது."

இத்தனை வருசத்தில இதை இண்டைக்குத்தான் கேக்கிறன். பூவோ, பழமோ, பாண் சுடுற போறணை அடுப்போ? படுத்தாலும் அதே யோசினை.

கொரோனா வந்து போனதிலயிருந்து இவருக்கு ஒரு மணமும் தெரியாது. கறி அடிப்பிடிச்சாலும் நான்தான் ஓடவேணும். அது அவருக்கு ஞாபகமில்லையோ, இல்லாட்டி...

நாளைக்கு மோர்டன் சைக்கிள் கடைக்குப் போகவேணும். எனக்கும் ஒண்டு வேணும்.