ஏறிப் போ, ஒதுங்காதே

நாகலாபுரம்,
ஐப்பசி 20.

அன்பு மகள் உமாவுக்கு அம்மா எழுதுவது. நானும் தம்பி இசக்கிராஜாவும் சுகம்தான். அப்பா இல்லாத வீட்டில் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதாவிட்டால் அங்கே ஜெர்மனியில் நீ பதறுவாய். இங்கே நாலு நாளாக நல்ல மழை, கரிசல் காலைப் பிடித்து இழுக்கிறது, அதற்கு முன்னேயே தம்பி மேலக்காட்டில் உளுந்து விதைத்துவிட்டான். வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்கிறது, ரெண்டும் கிடா. போனில் பேசினால் நீ அழுவாய், அதைக் கேட்டு நானும் அழுவேன், சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுவோம் என்றுதான் எழுதுகிறேன்.

போன வாரம் அப்பாவின் சைக்கிளைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து தம்பி எடுத்து வந்தான். முன்சக்கரம் வளைந்து கிடக்கிறது, ஹேண்டில்பாரில் நீ வாங்கிக் கொடுத்த பை அப்படியே தொங்குகிறது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றான், ஒரு சத்தம் போட்டேன், பிறகு இரண்டு பேருமாக அதைத் துடைத்துத் தொழுவத்தில் நிறுத்தினோம். மாசியில் நடந்ததை, நீ வந்து போன அவசரத்தில் யாரும் உனக்குச் சரியாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் உளுந்தஞ்செடியைப் பிடுங்கித் தார் ரோட்டில் விரித்திருந்தாள். பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்தால் நெற்று உடைந்து உளுந்து உதிரும், அதற்காகத்தானே எல்லாரும் விரிக்கிறோம். ஊரே அதன்மேல் ஏறித்தான் போகிறது. அப்பா மட்டும் தின்கிற பொருள்மேல் சக்கரம் ஏறக்கூடாது என்று ஒதுங்கிப் போவார்கள், அது உனக்கே தெரியும். அன்றைக்கும் செடியை விட்டு வலது பக்கம் வெட்டித் திருப்பியிருக்கிறார்கள், பின்னால் பார்க்கவில்லை. வேன் வந்துவிட்டது. ஹாரன் அடித்தான் என்கிறார்கள், அடிக்கவில்லை என்கிறார்கள், எதுவானால் என்ன.

அதிலிருந்து ஆவுடைத்தாய் நம் வாசல் வழியே நடக்கவே இல்லை, பின்தெருவைச் சுற்றித்தான் தண்ணீருக்குப் போனாள். நானே போய்க் கையைப் பிடித்தேன். "மதினி, நான் விரிச்ச செடிதான அண்ணன கொண்டுட்டுப் போச்சு" என்று அழுதாள். "நீ விரிக்கலன்னா நான் விரிச்சிருப்பேன் தாயி" என்றேன். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்பாமேல்தான் கோபம், ஒரு கை உளுந்தைப் பெரிதாக நினைத்து என்னை விட்டுவிட்டுப் போனதற்கு. அதைச் சொல்லிச் சண்டை போடவும் ஆள் இல்லை.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சிரித்துக்கொண்டே சொன்னாயே, வேலைக்குப் போகும் வழியில் யாரோ ரொட்டியைச் சிந்தியிருந்தார்கள், அதன்மேல் ஏறாமல் சைக்கிளை ஒடித்தேன், பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்துத் திட்டினார் என்று. "நான் அப்பா மாதிரியே இருக்கேம்லாம்மா" என்று வேறு கேட்டாய். நானும் சிரித்த மாதிரி காட்டிக்கொண்டேன். போனை வைத்துவிட்டுத் தொழுவத்துக்குப் போய் அந்தச் சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா மாதிரி நீ இருக்க வேண்டாம் உமா, மூக்கும் முழியும் அப்பாவைக் கொண்டிருப்பதே போதும். திரும்ப வேண்டுமென்றால் முதலில் பின்னால் பார், கை காட்டு, அப்புறம் திரும்பு. பஸ், லாரி பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போகாதே, ஓட்டுகிறவன் கண்ணுக்கு நீ தெரியமாட்டாய். காதில் பாட்டை மாட்டிக்கொள்ளாதே. அங்கே இப்போது சீக்கிரம் இருட்டிவிடுமாமே, பின்விளக்கைப் போடு. ஹெல்மெட் போட்டால் முடி கலைகிறது என்கிறாய், சீப்பு எதற்கு இருக்கிறது.

ரோட்டில் ரொட்டி கிடந்தாலும் சோறு கிடந்தாலும், உளுந்தே கிடந்தாலும் ஏறிப் போ. தின்கிற பொருளை மிதித்த பாவம் வந்தால் அது எனக்கு வரட்டும், நம் அம்மனிடம் சொல்லிவிட்டேன். அவள் உன்னைப் பத்திரமாக வைக்கட்டும், நீ நல்லா இருக்கணும். வேலைக்குப் போய்ச் சைக்கிளை விட்டு இறங்கியதும் தினமும் ஒரு மிஸ்டு கால் கொடு. பேச வேண்டாம், மணி அடித்தால் போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா
வெயிலுகந்தம்மாள்