கருட சேவைக்கு நான் நின்றுவிடும் வழக்கம்

12.10.1998
சரிகை சோதனைக் கூடத்துக்கு இன்று சர்க்கார் உத்தரவு, ஜி.ஓ. வந்தது. தினக்கூலியாகப் பத்து வருடம் விடாமல் வேலை பார்த்தவர்களுக்கு அந்த அனுபவமே டிப்ளமாவுக்குச் சமமாம். டெக்னீஷியனாக நிரந்தரமும் ஆகலாம். சித்தாராவும் நானும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், இருவரும் எஸ்.எஸ்.எல்.சி.தான். புடவைச் சரிகையில் வெள்ளி எவ்வளவு என்று அமிலத்தில் கரைத்துப் பார்த்துப் பார்த்து, இரண்டு பேர் விரலும் ஒரே மஞ்சள். ஆத்துக்கு வந்து இவரிடம் சொன்னேன். சந்தோஷம் தாங்கவில்லை.

3.11.1998
அவளுக்கு உண்டு. எனக்கு இல்லை.

4.11.1998
நேற்று அதற்குமேல் எழுதக் கை வரவில்லை.

வருடா வருடம் வைகாசி பிரம்மோத்ஸவம், கருட சேவை என்று நான் வேலைக்குப் போகாமல் நின்றுவிடுவேன். இவர் பெருமாளுக்கு முன்னால் பிரபந்தம் சேவித்துக்கொண்டு போகிறவர். வெளியூர் உறவெல்லாம் எங்கள் ஆத்தில்தான் வந்து இறங்கும், அத்தனை பேருக்கும் சமைக்கிற தளிகை முழுக்க என் தலையில். தினக்கூலிக்கு ஏது லீவு? ஒவ்வொரு தடவையும் வேலையை விட்டுப் போய், மறுபடி புதிதாகச் சேர்ந்ததாகத்தான் அர்த்தமாம். "உங்க சர்வீஸ் போன ஜூன்லேர்ந்துதான் நாமகிரியம்மா" என்றார் எங்கள் அதிகாரி வேலாயுதம்.

அந்த நாட்களில் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தது யார்? சித்தாரா. பெருநாளுக்கு அவளுக்கு ஒரு நாள் போதும், அதுவும் சர்க்காரே விடுகிறது —

சே, என்ன எழுதுகிறேன்.

20.1.1999
சித்தாராவுக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்து வந்து, "நல்லா இருக்குதா நாமு?" என்றாள். நன்றாக இருக்கிறது என்றேன். வயிறு எரிந்தது. இனி நான் சோதிக்கும் சரிகையின் அறிக்கையிலும் கீழே அவள் கையெழுத்து.

அவள் வீட்டுப் பண்டம் நான் சாப்பிடமாட்டேன் என்று தெரிந்து, கடையில் மைசூர்பாகு வாங்கி வந்திருந்தாள். அந்த நல்ல குணத்தைப் பார்த்தால்தான் இன்னும் எரிகிறது.

8.3.1999
கரைந்த வெள்ளியைத் திரட்ட சித்தாரா விடும் உப்புத்தண்ணீர் அளவு தப்பு என்று வேலாயுதம் சாரிடம் சொன்னேன். அவர் வந்து பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. எனக்கும் தெரியும்.

கருட சேவை, 1999
இந்த வருடம் நான் நிற்கவில்லை. தளிகைக்கு ஆள் வைத்தாயிற்று. உத்ஸவத்துக்கு வந்திருக்கும் மன்னி முகம் கொடுத்துப் பேசவில்லை, போகட்டும். பத்து வருடத்தை முதலிலிருந்து எண்ண வேண்டியவள் நான். முகூர்த்த மாதம், சோதனைக்குப் புடவை குவியும் என்று கூடத்துக்கும் விடுமுறை இல்லை.

சோதனைக்கு நடுவில் நாகஸ்வரச் சத்தம். தெருமுனைக்குப் பெருமாள் வந்துவிட்டார்.

"சாமி பாத்துட்டு வா நாமு. நான் இங்க பாத்துக்கறேன்" என்றாள் சித்தாரா.

வருடா வருடம் இதே வார்த்தையை நம்பித்தானே போனேன்? வேண்டாம் என்றேன். குடுவையின் அடியில் வெள்ளி தயிர் போலத் திரண்டுகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் மாடிக்குப் போனாள். மூச்சு வாங்க இறங்கி வந்தாள்.

"உங்க வீட்டுக்காரரு முன்னாடி பாடிக்கினு போறாரும்மா. பின்னாலயே கருடன், எவ்ளோ பெருசு. கொடை ரெண்டும் ஆடிக்கினே போவுது."

கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு வருடம்கூட நான் சேவிக்காமல் விட்டதில்லை.

இதையும் அவளே பார்த்துவிட்டாள்.